அப்பாவின் அம்பாசிடரை வெட்டுவதற்கு முன்னால்

கோவையிலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 64. பம்புசெட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 36 வருடம் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் லேத், வெல்டிங் மெஷின், செயின் பிளாக் எல்லாம் வைத்திருக்கிறார். 1968இல் அவருடைய அப்பா புதிதாக வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 காரும் அங்கேதான் நிற்கிறது. 2009க்குப் பிறகு அது ரோட்டுக்கு வரவில்லை. அதன் முன் மட்காடுகளையும் பானெட்டையும் எடுத்துவிட்டு, கூரையை நான்கு அங்குலம் இறக்கி, பழைய எஞ்சினுக்குப் பதிலாக இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சினை உட்கார வைத்து, அதற்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி) மாட்டி, அமெரிக்கர்கள் ‘ஹாட் ராட்’ என்று சொல்லும் காராக அதை மாற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறார். “இருபது வயசுல சோழவரத்துக்கு ரயிலேறிப் போய் ரேஸ் பார்த்தேனுங்க. அன்னைக்கிருந்து மனசுல கெடக்குது” என்று எழுதியிருக்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கார் ரேஸ் நடந்த இடம் சோழவரம். இதற்காக 6 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மனைவிக்குப் பயம். மகனோ, “இந்த வயசுல எதுக்குப்பா” என்பதற்கு மேல் பேசுவதில்லை.

கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “காரு எங்கப்பாவோடது, ஷெட்டு என்னோடது, காசும் என்னோடது. யாரு என்ன கேக்க முடியும் வக்கீலம்மா? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மாத்தி எழுதி வாங்கிட்டா ரோட்டுல ஓட்டலாம்தானுங்களே? அம்பது வருசத்துக்கு மேல ஆன வண்டின்னா விண்டேஜ் கணக்குல விட்டுருவாங்கன்னு சொல்றாங்க, நெசமா?”

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. 36 வருடம் மற்றவர்களுடைய மெஷினை ஓட வைத்த கை, ஓய்வு பெற்ற பிறகு தனக்கென்று ஒரு மெஷின் கட்ட நினைப்பது இயல்பு. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிகளில் பழைய ஃபோர்டு கார்களின் மட்காடைக் கழற்றி ஓட்டியவர்கள் இளவட்டங்கள்தான். ஆனால் நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ, 1920ஆம் வருட இந்தியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிளைப் பல வருடம் தன் கையாலேயே மாற்றி மாற்றிச் செதுக்கி, 1967இல் அமெரிக்காவின் பொன்வில் உப்புச் சமவெளியில் உலக சாதனை படைத்தபோது அவருக்கு வயது 68. வயதைச் சொல்லி உங்களை நிறுத்த எனக்கு உத்தேசம் இல்லை.

ஆனால் எந்தக் காரை வெட்டுகிறீர்கள், கட்டிய காரை எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்ற இரண்டிலும் நீங்கள் நினைத்திருப்பது சரியில்லை. மோட்டார் விபத்து வழக்குகளைத்தான் நான் அதிகமாக நடத்துகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

கார் யாருடையது?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அப்பா 2011இல் தவறிவிட்டார், அம்மாவும் இல்லை, திருப்பூரில் ஒரு தங்கை இருக்கிறார் என்று. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான்.

உயில் இல்லை என்றும், உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். வீடு, நிலம் மட்டும் அல்ல, கார், நகை, பாத்திரம் எல்லாமே வாரிசுச் சொத்துதான். மகனுக்கும் மகளுக்கும் அதில் சம பங்கு. கார் 14 வருடமாக உங்கள் ஷெட்டில் நிற்பதால் உங்களுடையது ஆகிவிடாது. தங்கையிடம் கேட்காமல் கூரையை அறுத்தால், பாதி அவருக்குச் சொந்தமான பொருளை அறுத்ததாகத்தான் ஆகும். அவர் வழக்குப் போடமாட்டார் என்பீர்கள். சரி, போடமாட்டார். ஆனால் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அவரும்தானே பள்ளிக்கூடம் போயிருப்பார்? அறுத்த பிறகு சொல்வதற்கும் முன்னாலேயே கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டியின் உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. அதனால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, தாமதத்துக்கான கட்டணத்தோடு இப்போதும் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபணை இல்லை என்று தங்கை எழுதித் தரும் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். நீங்கள் அந்தக் காரை என்ன செய்வதாக இருந்தாலும் இதுதான் முதல் வேலை.

ஆர்.சி.யில் எழுதி வாங்க முடியாதது

“எங்க செட்ல ஒருத்தர் எஞ்சின் மாத்தி எழுதி வாங்கினார்” என்கிறீர்கள். வாங்கியிருப்பார். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினை முன் அனுமதியோடு போட வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற்றவும் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றலாம். நீங்கள் செய்ய நினைப்பது இவற்றில் எதிலும் சேராது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்த கம்பெனி ஆதியில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது, அந்தத் தீர்ப்பு ரத்தானது. உங்கள் நண்பர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பழைய காலத்துக் கதையாக இருக்கலாம்.

அதே வருடம் சட்டத்திலும் திருத்தம் வந்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கூரை, எஞ்சின், டர்போ, பானெட் என்று உங்கள் கடிதத்தின் முழுப் பட்டியலில் ஒன்பது இருக்கின்றன.

அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ‘ரெடியானதும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்துவிட்டால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிசி வாங்கும்போது கம்பெனி அம்பாசிடர் என்று நினைத்துத்தான் தரும். ரோட்டில் ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது என்று வையுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார், மாற்றங்கள் அனைத்தும் அவருடைய அறிக்கையில் ஏறும். பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார் என்று கம்பெனி வாதாடும். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம், அல்லது நேராக உங்கள் தலையிலேயே வைக்கலாம். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்திருந்தால் அந்தத் தொகை பல லட்சங்களில் இருக்கும். 6 லட்சம் செலவு செய்து கட்டிய காருக்காக வீட்டை விற்கும் நிலை வரக்கூடாது ஐயா. அப்படி விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கார் நின்றாக வேண்டிய விஷயமும் இருக்கிறது. மார்க் 2இல் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ஐம்பது குதிரைத்திறனைச் சுற்றி இருந்த எஞ்சினுக்காகச் செய்த பிரேக் அது. டர்போ போட்ட பிறகு அந்தக் கார் எப்படி நிற்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவீர்கள். கடிதத்தில் எஞ்சினைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, பிரேக்கைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. உங்கள் மனைவியின் பயத்துக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

விண்டேஜ் விதி உண்மையில் சொல்வது

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருடத்துக்கு மேல் ஆன இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் பொருந்தும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஏற்கெனவே வேறு மாநிலத்திலோ இங்கேயோ பதிவான வண்டிக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. வண்டி ஆதி வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மாநிலக் குழு நேரில் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும். கிடைத்த பிறகும் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான்.

இப்போது யோசியுங்கள். 1968ஆம் வருடப் பதிவு, ‘எம்’மில் தொடங்கும் மெட்ராஸ் மாநில நம்பர், 1489 சி.சி. எஞ்சின் மாறாமல், முதல் உரிமையாளர் குடும்பத்திலேயே இருக்கும் கார். விண்டேஜ் விதி யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் தேடும் வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கிறது. அதன் கூரையில் கட்டிங் வீல் பட்ட நிமிடத்தில் அந்த உரிமை போய்விடும், திரும்ப வராது. அம்பாசிடர் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஹாட் ராட் கட்ட இந்த நாட்டில் ஆயிரம் பழைய பாடி கிடைக்கும். உங்கள் அப்பா ஓட்டிய கார் ஒன்றுதான் இருக்கிறது. நான் இவ்வளவு தூரம் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் ஹாட் ராடை எங்கே கட்டுவது?

அதே ஷெட்டில்தான். ஆனால் வேறு காரில், பந்தயத் தடத்துக்கு மட்டும்.

1990களில் இசுசு 1.8 எஞ்சினோடேயே வந்த அம்பாசிடர்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒன்றை வாங்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், மவுண்டிங் எல்லாம் ஏற்கெனவே பொருந்தியிருக்கும், உங்களுக்கு ஆறு மாத வேலை மிச்சம். ஆர்.சி. இல்லாத, ‘பார்ட்ஸ் கணக்கில் எடுத்துக்கோங்க’ என்று கொடுக்கும் வண்டியை மட்டும் தொடாதீர்கள். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எஞ்சினைத் தனியாக வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று பிறகு தெரியவந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்க அந்த பில்தான் கையில் இருக்கும். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றி, வெட்டி ரோட்டுக்கு ஆகாததாக ஆக்கியதும் 14 நாளுக்குள் 55ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்யுங்கள். அதன் பிறகு அது ரோட்டு வண்டி இல்லை. கூரையை நாலு அங்குலம் என்ன, எட்டு அங்குலம் கூட இறக்குங்கள்.

ரோட்டு வண்டி இல்லை என்பதை முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டும். டியூனிங் சரியா என்று பார்க்க ராத்திரி பத்து மணிக்கு லேஅவுட் ரோட்டில் ஒரு ரவுண்டு, என்ற பேச்சே கூடாது. பொதுமக்களுக்கு வர உரிமையுள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம்தான், அது தார் ரோடாக இருக்க வேண்டும் என்றில்லை. ஷெட்டிலிருந்து தடத்துக்குப் போக லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

தடத்துக்கு நீங்கள் சோழவரம் வரை போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து செட்டிப்பாளையம் எவ்வளவு தூரம்? கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கேதான் இருக்கிறது. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டலாம் என்று கோவையில் செய்து காட்டிய கரிவரதனின் பெயரால் உள்ள தடம், நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். காரைக் கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் அங்கே போய், வீட்டில் கட்டிய கார்களை எந்த நாட்களில், என்ன நிபந்தனையில் உள்ளே விடுகிறார்கள் என்று கேளுங்கள். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) எந்தக் குழாயில் இருக்க வேண்டும், சீட் பெல்ட், தீயணைப்பான், எரிபொருள் கட்-ஆஃப் எப்படி வேண்டும் என்பதைக் கேட்டுக்கொண்டு கட்டினால், கட்டியதைப் பிரிக்கும் வேலை வராது. போட்டியில் இறங்க வேண்டுமென்றால் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் லைசென்ஸ் தேவை, அதற்கு மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

சாதாரண கார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்படுகின்றன. உங்கள் தனிநபர் விபத்துப் பாலிசியிலும் மெடிக்ளெய்மிலும் அப்படி விலக்கு இருக்கிறதா என்று எடுத்துப் படியுங்கள்.

ஷெட்டும் உடம்பும்

பெட்ரோலை 30 லிட்டருக்கு மேல் வீட்டில் வைக்க லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே என்றாலும் இறுக மூடிய உலோகக் கேனில்தான், ஒரு கேனுக்கு 25 லிட்டருக்கு மேல் போகாமல். வெல்டிங் நடக்கும் ஷெட்டில் அந்தக் கேன் இருக்கவே கூடாது. டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் கசிந்தால் பழுக்கச் சிவந்த எக்ஸாஸ்ட் மேல்தான் சொட்டும். டீசல் ஜீப்பில் கழற்றிய டர்போ ஒன்று கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் டீசலைவிட அதிகச் சூடு, அந்தச் சூட்டைத் தாங்கும் என்று தெரிந்த டர்போவையே வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை சத்தத்தின் வரம்பு 45 டெசிபல். கிரைண்டர் அதைத் தாண்டிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நியாயம் அவர் பக்கம்.

ஸ்டென்ட் விஷயத்தில் மகனும் நானும் முடிவு சொல்ல முடியாது. உங்கள் இதய மருத்துவரிடம் ‘கார் கட்டலாமா’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். செயின் பிளாக்கில் எஞ்சின் தூக்குவது, சூட்டில் நாலு மணி நேரம் நிற்பது, ஹெல்மெட்டும் ஓவராலும் போட்டுக்கொண்டு வேகமாக ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சின்ன வெட்டுக்காயத்திலும் ரத்தம் நிற்க நேரமாகும். ஷெட்டில் தனியாக வேலை செய்யாதீர்கள். கட்டுவதற்கு அவர் சரி சொல்லி, ஓட்டுவதற்கு வேண்டாம் என்றால்? அப்போது நீங்கள் கட்டுங்கள், வேறொருவர் ஓட்டட்டும். இந்த ஏற்பாடு உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் யோசித்து வையுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்த 6 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். பில் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். டர்போ வேலையில் செலவு எங்கே போய் முடியும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. கணக்கு தீர்ந்தால் வேலை நிற்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், அவருடைய பயம் பாதி குறையும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் இருப்பவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போய், காரை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோகத் தங்கைக்குச் சம்மதமா என்று கேளுங்கள். போனில் கேட்க வேண்டாம், நேரில் போங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் காரைப் பற்றி அத்தை சொல்லும் கதைகளை அவரும் கேட்கட்டும்.